கிழவிக் கப்பலில் மாமனார்

எங்காத்துக்காரருக்குத் தண்ணீர் என்றால் பயம். இதை அவர் வாயால் ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. "சேறு, ராஜம், சேறு. காலை வெச்சா முழங்கால் வரைக்கும் உள்ளே போறது" என்பார். கல்கத்தாவுக்கு வந்த நாளிலிருந்து அவர் கங்கையில் முழுகி நான் பார்த்ததில்லை. ஊர் உலகமெல்லாம் ரயிலேறி வந்து விழுகிற கங்கை வீட்டு வாசலில் ஓடுகிறது. இவர் சொம்பில் மொண்டு தலையில் தெளித்துக்கொண்டு புண்ணியம் தேடிக்கொள்வார். கேட்டால் சேறு.

பயத்துக்குக் காரணம் என் மாமனார். ஆடிப் பெருக்கன்று காவிரியில் இக்கரையிலிருந்து அக்கரைக்கு நீந்திப் போய், வேஷ்டியைப் பிழிந்து உதறிக் கட்டிக்கொண்டு, அலுத்துக்கொள்ளாமல் திரும்பியும் நீந்தி வருகிற மனுஷர். பிள்ளைக்கு நீச்சல் பழக்குகிறேன் என்று சின்ன வயசில் படித்துறையிலிருந்து தூக்கிப் போட்டிருக்கிறார். பிள்ளை நீந்தவில்லை, அடியில் போய்விட்டது. குடுமியைப் பிடித்துத் தூக்கிக் கரையில் போட்டுவிட்டு, "இது எனக்குப் பொறந்ததுதானா" என்று அத்தனை பேர் முன்னாலும் சிரித்தாராம். மாமனார் காலமான பிறகும் அந்தச் சிரிப்பு இவர் காதில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்பார்கள். ஆகட்டுமே, பூனையோடு குடித்தனம் பண்ணுவது எவ்வளவோ சுலபம்.

தலைநகரம் கல்கத்தாவை விட்டு டில்லிக்குப் போன மறு வருஷம் அது. கார்டன் ரீச்சில் நாங்கள் குடியிருந்த சந்தின் முனையில் இறங்கினால் ஆறு. அங்கே கரையோரத்தில், மூக்கு சேற்றிலும் பின்பக்கம் தண்ணீரிலுமாக, ஒரு பழைய பயணிக் கப்பல் கிடந்தது. வெகுகாலம் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஜனங்களை ஏற்றிப்போன நீராவிக் கப்பல். கம்பெனி புதுக் கப்பல் வாங்கியதும் இதற்கு ஓய்வு கொடுத்து ஓரங்கட்டிவிட்டது. அக்கம்பக்கத்து வங்காளிகள் அதைக் கிழவி என்றே சொல்வார்கள். அது ஓடிக்கொண்டிருந்த காலத்தில் நான் பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி பௌதியோடு அதில் ஏறி, அக்கரைத் தாவரத் தோட்டத்துப் பெரிய ஆலமரத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். இவர் கரையில் நின்று வழியனுப்பினார்.

ஓடுகிற வரைக்கும் ஏறாதவருக்கு, ஓய்வு பெற்ற கிழவியிடம் திடீரென்று பிரியம் வந்துவிட்டது. காரணம் தர்ப்பணம். அமாவாசைக்கு அமாவாசை கங்கைக் கரையில் அப்பாவுக்கு எள்ளும் ஜலமும் விட வேண்டும். ஆனால் ஆற்றில் இறங்கக் கூடாது. கிழவியின் கீழ்த்தட்டு தண்ணீரிலிருந்து ஒரு முழ உயரம். கரையிலிருந்து பலகை வழியாக ஏறிப் போய், குனிந்து சொம்பில் மொண்டுகொண்டு, காலில் ஈரம் படாமல் பித்ருக்களைக் கரையேற்றிவிடலாம். கப்பலுக்குக் காவல் இருக்கிற தர்வானும் நல்லவன், தடுக்க மாட்டான்.

மழைக்காலத்து அமாவாசை, பௌர்ணமிகளில் கடல் இந்த ஆற்றுக்குள் எதிர்த்து ஏறி வரும். சுவர் மாதிரி எழுந்து வருகிற அலை, பான் என்பார்கள். முந்தின அமாவாசையில்கூட வந்தது. கப்பலை இரண்டு பக்கமும் கனத்த கயிறுகளால் கட்டியிருந்ததால் ஓர் ஆட்டம் ஆடிவிட்டு நின்றது. "பார்த்தியா, இதுக்குள்ள இருந்தா ஒரு ஆபத்தும் இல்லே" என்றார், ஏதோ தானே கட்டின கப்பல் போல. தர்ப்பணத்துக்கும் அமாவாசை, பானுக்கும் அமாவாசை, அது தெரியும். கப்பல் உடைக்கிறவர்களுக்கும் அமாவாசைதான் நாள் என்பது தெரியாது. தண்ணீர் உச்சத்துக்கு ஏறினால்தானே அவ்வளவு பெரிய இரும்பைக் கரைமேல் இழுக்க முடியும்.

மஹாளய அமாவாசையன்று காலையில் போனோம். தர்வானைக் காணோம். கப்பலில் புகைபோக்கியைக் காணோம், ஜனங்கள் உட்காருகிற பெஞ்சுகளைக் காணோம்.

"ஏன்னா, கயித்தைக் காணோமே."

"யாராவது திருடிண்டு போயிருப்பா. இந்த ஊர்ல எதைத்தான் விட்டு வெச்சா."

"மூக்குல புதுசா ஒரு சங்கிலி மட்டும் மாட்டியிருக்கு. கரையில என்னமோ ராட்டினம் வேற."

"உனக்கு எல்லாத்துலேயும் ஒரு நொட்டை. வா, ஆபீஸுக்கு நாழியாறது."

உள்ளே போனால், நடுவில் இயந்திரம் இருந்த இடத்தில் பெரிய ஓட்டை. எட்டிப் பார்த்தேன். அடியில் கறுப்பாகத் தண்ணீர் அசைந்துகொண்டிருந்தது. எண்ணெய் நாற்றம். அந்த இருட்டைப் பார்த்த பிறகு எனக்கு நிற்கவும் பிடிக்கவில்லை, உட்காரவும் பிடிக்கவில்லை. இவர் பாட்டுக்குத் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு, பூணூலை இடம் மாற்றிக்கொண்டு, தெற்கே பார்த்து உட்கார்ந்துவிட்டார். கார்டன் ரீச்சில் தெற்கே என்றால் கரை. ஆறு அவர் முதுகுப் பக்கம்.

தர்ப்பணத்தில் ஒரு சங்கதி உண்டு. தாம்பாளத்தில் தர்ப்பைக் கூர்ச்சத்தைப் போட்டு, போனவர்களை மந்திரம் சொல்லி அழைத்து அதில் உட்கார வைக்க வேண்டும். எள்ளும் ஜலமும் விட்டு முடித்தபின், உங்கள் இடத்துக்குப் போய்வாருங்கள் என்று மரியாதையாக அனுப்ப வேண்டும். அனுப்புகிற வரைக்கும் அவர்கள் அங்கேதான். நடுவில் எழுந்து போவது, விருந்தாளியை இலையில் உட்கார வைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிற மாதிரி.

அப்பாவை உட்கார வைத்து, முதல் ஜலம் விட்டிருப்பார். கரையோரமாக நின்ற படகுகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடு ஆற்றுக்கு விரைவதைப் பார்த்தேன். பான் வரும்போது கரையில் நின்றால் படகு சுக்குநூறு, நடுவில் நின்றால் தப்பும் என்று பௌதி சொல்லியிருக்கிறாள். "பான், பான்" என்று படகுக்காரர்கள் ஒருவருக்கொருவர் கூவிக்கொண்டு போனார்கள். கரையில் மரத்தடியில் பொரி தின்றுகொண்டிருந்த ஆட்கள் எழுந்தார்கள். அவர்களுடைய மிஸ்திரி எங்களைப் பார்த்துவிட்டான். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு சேற்றில் ஓடிவந்தான். கப்பலைக் கட்டிவைக்கவில்லை, உடைப்பதற்கு இழுக்கப்போகிறோம், கயிறெல்லாம் அவிழ்த்தாகிவிட்டது, இறங்குங்கள் என்று வங்காளியில் கத்தினான்.

"ஏன்னா, எழுந்திருங்கோ. பான் வரது. கப்பலை அவுத்து விட்டிருக்காளாம்."

இவர் தலையை ஆட்டினார். மந்திரம் நிற்கவில்லை. வேகம் மட்டும் கூடியது, நாக்குக் குழறியது. பயம் இல்லாமல் இல்லை. முதுகெல்லாம் வேர்த்துப் பூணூல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"காதுல விழறதா உங்களுக்கு?"

"அப்பா உட்கார்ந்திண்டிருக்கார்" என்றார். அழுகிற குரல். "அவரை விட்டுட்டு எப்படி எழுந்துக்கறது?"

"அவர் போயாச்சு. நீங்களும் போகணுமா?"

"தாத்தா இருக்கார், கொள்ளுத் தாத்தா இருக்கார். எல்லாரையும் கூப்ட்டாச்சு ராஜம்."

மேற்கே ரயில் வருகிற சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் ரயிலே கிடையாது. திரும்பிப் பார்த்தேன். ஆற்றின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு. பார்க்கப் பார்க்க அது தடித்தது. இந்த மனுஷர் எழுந்திருக்க மாட்டார், அப்பாவுக்குப் பயந்தே சாகப்போகிறார், தாலியறுத்துக்கொண்டு நான் தனியாக ரயிலேறப்போகிறேன் என்று நினைத்ததும் பயத்தோடு கோபமும் வந்தது. தர்ப்பணத் தாம்பாளத்தைப் பெண்டாட்டி தொடுவதாவது. தொட்டேன். மாமனாரும் அவர் அப்பாவும் தாத்தாவுமாக உட்கார்ந்திருந்த தாம்பாளத்தை அப்படியே தூக்கிக்கொண்டு பலகையை நோக்கி ஓடினேன்.

"அடிப்பாவி" என்று பின்னாலேயே வந்தார். அதுதான் எனக்கு வேண்டியது.

நான் பலகையைத் தாண்டிக் கரையில் கால் வைத்தபோது பான் வந்து அடித்தது. கிழவியின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு சுழன்றது. சங்கிலி அலறியது. பலகை நழுவி விழுந்தது. பலகையோடு இவரும் விழுந்தார். இத்தனை நேரம் வெறும் சேறாக இருந்த இடத்தில் கழுத்தளவு தண்ணீர், அதில் இவர் கண்ணை மூடிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தார். கூப்பிடு தூரத்தில்கூட இல்லை, கைக்கெட்டும் தூரம். ஆனால் என் கையில் தாம்பாளம். மாமனாரா, புருஷனா என்று யோசிக்க யாருக்கு நேரம் இருந்தது? தாம்பாளத்தைப் போட்டேன். குனிந்து இவர் குடுமியைப் பிடித்தேன். மிஸ்திரி என் இடுப்பைச் சுற்றித் துண்டைப் போட்டு இழுத்தான். எல்லோருமாகக் கரைமேல் வந்து விழுந்தோம்.

இவர் இருமித் தண்ணீரைக் கக்கிவிட்டு, கண்ணைத் திறந்ததும் ஆற்றைத்தான் பார்த்தார். தாம்பாளம் மிதந்துகொண்டிருந்தது. கூர்ச்சம் அதில்தான் இருந்தது, இரண்டு பேரும் பார்த்தோம். கிழவி எங்கள் பக்கம் சாய்ந்தாள். ஜனங்கள் ஏறி இறங்குகிற வாசல் வழியாகத் தண்ணீர் உள்ளே பாய்ந்தது. அந்தத் தண்ணீரோடு தாம்பாளமும் வாசலில் நுழைந்து, டிக்கெட் வாங்கின பிரயாணி போல, கப்பலுக்குள் போய்விட்டது.

"அப்பா" என்று எழுந்தவர் நேராகத் தண்ணீரில் இறங்கினார். சேறென்றும் பார்க்கவில்லை, ஒன்றும் பார்க்கவில்லை. மேற்கே இன்னொரு அலை வந்துகொண்டிருந்தது. நான் பின்னாலிருந்து வேஷ்டியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டேன். இழுத்தால் வரவில்லை. மாட்டுக்கு வருகிற பலம் வந்திருந்தது அவருக்கு. கெஞ்சினேன், திட்டினேன். எதுவும் ஏறவில்லை. கடைசியில் எது என் வாயில் வந்ததோ அதைச் சொன்னேன்.

"உங்கப்பாவுக்கு நீந்தத் தெரியும். உங்களுக்குத் தெரியாது."

நின்றுவிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். படித்துறையில் அவர் அப்பா சிரித்த மாதிரி நானும் சிரித்துவிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, முகம் அப்படி இருந்தது. பிறகு கரையேறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டாவது அலை அவர் நின்றிருந்த இடத்தின் மேல் போயிற்று.

உச்சத் தண்ணீரில் ராட்டினத்தைச் சுற்றிக் கிழவியைக் கரைமேல் இழுத்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து சம்மட்டிச் சத்தம். எங்கள் சமையலறை வரைக்கும் கேட்கும். ஒவ்வொரு தகடு விழும்போதும் இவர் கையில் எடுத்த கவளத்தை இலையில் போட்டுவிடுவார்.

"அப்பா உள்ளேதான் இருக்கார் ராஜம். போய்ட்டு வாங்கோன்னு நான் சொல்லவே இல்லே."

மிஸ்திரியிடம் சொல்லி உள்ளே போய்த் தேடியும் பார்த்தார். தாம்பாளம் அகப்படவில்லை. பித்தளையாயிற்றே, யார் கையில் அகப்பட்டதோ. மேல்தட்டு போயிற்று, கீழ்த்தட்டு போயிற்று, இவர் உடம்பும் பாதியாகப் போயிற்று. ஆபீஸிலிருந்து நேரே வீட்டுக்கு வராமல் அந்த எலும்புக்கூட்டின் எதிரில் போய்க் கைகட்டி நிற்பார். நான் போய் அழைத்து வருவேன். ஆற்றிலிருந்து இழுத்துவிட்டேன், இதிலிருந்து எப்படி இழுப்பது என்று தெரியாமல் சுவாமி அலமாரிக்கு முன்னால் நின்று அழுதேன்.

அடுத்த மாசம் காளி பூஜை அமாவாசை வந்தது. சொம்பு, எள், தர்ப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். புதுத் தாம்பாளத்தை நீட்டினேன், வேண்டாம் என்றார். படித்துறையில் அன்று கும்பல் இல்லை. கடைசிப் படி வரைக்கும் போய்விட்டு மேலும் நடந்தார்.

"எங்கே போறேள்?"

"உள்ளே. கப்பல்தான் போயாச்சே, அவர் தண்ணிக்குள்ள இருக்கார். நான் மேலே நின்னுண்டு கூப்ட்டா நன்னாவா இருக்கு?"

அங்கவஸ்திரத்தை அவர் இடுப்பில் கட்டி, மறு முனையை என் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். முழங்கால், தொடை, இடுப்பு. பல் கிடுகிடுவென்று அடிப்பது கரைக்குக் கேட்டது. இந்த மாசம் பான் வராது என்று பௌதி சொல்லியிருந்தாள். சொன்னால் ஆயிற்றா? பௌதியா ஆற்றைக் கட்டிப் போட்டிருக்கிறாள்? நான் மேற்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன். மந்திரம் ஒன்றுகூட விடாமல் சொன்னார். அனுப்புகிற மந்திரத்தையும் சொன்னார். அதற்கப்புறம் தமிழில், வாசலில் நின்று சொல்கிற மாதிரி, "அப்பா, போய்ட்டு வாங்கோ" என்றார்.

நான் ஒரு நிமிஷம் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பார்த்தால் தலையைக் காணோம். வெறும் தண்ணீர். அங்கவஸ்திரத்தைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தேன். குப்புற வந்து படியில் விழுந்தார்.

"ஏண்டி இழுக்கறே? முழுக்குப் போட்டேன்."

"சொல்லிட்டுப் போடப்படாதா" என்று கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் ஈரக் கையால் என் தலையைத் தொட்டார்.

அவரைப் பிடித்திருந்த பயம் அன்றோடு இறங்கிவிட்டது. இறங்கினது சும்மா போகுமா, பக்கத்தில் நின்ற என்மேல் ஏறிக்கொண்டது. இப்போதெல்லாம் அமாவாசைக்கு அமாவாசை அவர் மார்பளவு தண்ணீரில் நின்று அப்பாவோடு பேசுகிறார். நான் துணி முனையைக் கையில் சுற்றிக்கொண்டு மேற்கே பார்த்து நிற்கிறேன்.