தலை இருக்கிறது, தண்ணீர் இல்லை

1

இந்தக் கதை ஆத்திரத்தில் பிறந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். வெள்ளச் சேத விண்ணப்பம் ஒன்றுக்கு வந்த பதிலை ஒருவர் எனக்கு வாசித்துக் காட்டினார்: "விண்ணப்பதாரி தெளிவாகத் தெரிகிறார். வெள்ளம் தெரியவில்லை. நிராகரிக்கப்படுகிறது." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறந்த விடியலில், கருமேகங்கள்—

மேகமாவது மண்ணாவது. வெட்டிவிட்டேன்.

2

சாமித்தம்பி உன்னிச்சையில் வேளாண்மை செய்கிறவர். வெள்ளம் அவருடைய வயல்வட்டை முழுவதையும் மூடிவிட்டது. சேதத்தைப் படத்தோடு இணையத்தளத்தில் பதிந்தால் சிறுபோகத்துக்கு விதைநெல் தருவார்கள். இல்லையென்றால் அவர் வயல் தரிசுதான்.

தண்ணீரின் ஆழத்தைக் காட்ட அங்கே ஆள் இறங்கி நிற்பது வழக்கம். சாமித்தம்பியும் நெஞ்சளவு தண்ணீரில் நின்றார். மகன் படம் எடுத்தான். மோசடியைத் தடுக்கவாம், தளமே கமராவைத் திறக்கும். படம் போனில் தங்காது. 'வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் வந்தது.

(சிரிக்க வேண்டாம். பச்சையில் சொன்னால் நானும் நம்புவேன்.)

3

பர்ஸானா ஏறாவூர்ப் பெண். அந்தத் தளத்தைப் பராமரிக்கும் கம்பனியில் வேலை. முறைப்பாட்டு அழைப்புகளும் அவள் தலையில்தான். அந்த நிராகரிப்புப் பதில் வந்ததும் சாமித்தம்பி அழைத்தார்; அவள் அவருடைய படத்தைத் திறந்தாள். மேல்பாதியில் முகமும் வானமும். கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் நிறம்.

காரணம் அரை மணித்தியாலத்தில் பிடிபட்டது. படம் உள்ளே போகும்போது நீண்ட எழுத்துச் சரமாக மாறுகிறது. அதைச் சேமிக்கும் கட்டத்துக்கு யாரோ போதாத நீளம் கொடுத்திருந்தார்கள். கொள்ளாத மிச்சத்தைத் தளம் வெட்டி எறிந்துவிட்டு, வெற்றி என்றும் சொல்லியிருக்கிறது. எவ்வளவு துணிச்சல்.

"சேர், ஒரு வரி மாத்தினாப் போதும்," என்றாள் போனில் மேலாளர் ஜெயரூபனிடம்.

"முதல்ல விண்ணப்பத் திகதி முடியட்டும். இப்ப கை வெச்சா நம்மட பிழை எண்டு ஆகிரும்."

"நம்மட பிழைதானே சேர்?"

அவர் அழைப்பைத் துண்டித்தார்.

(ஜெயரூபனுக்கும் இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன் என்று ஒரு பந்தி எழுதினேன். அவருக்கு ஏன் நான் வக்காலத்து வாங்க வேண்டும்? எடுத்துவிட்டேன்.)

4

பர்ஸானா சாமித்தம்பிக்குப் போன் எடுத்தாள்.

"ஐயா, தண்ணி வத்த முன்ன இன்னொருக்கா எடுங்க. போனத் தலைகீழாப் புடிக்கச் சொல்லுங்க."

"தலைகீழாவா? இதென்ன புதினம் மகள்?"

"கீழ்ப்பக்கத்தத்தான் வெட்டுது. தண்ணி மேல வந்தாத் தப்பும்."

அவர் மறுபடி இறங்கி நின்றார். தண்ணீர் தப்பியது. தலை போய்விட்டது. தண்ணீரை நினைத்தவள் தலையை நினைக்கவில்லை. பதில் வந்தது: "வெள்ளம் தெரிகிறது. விண்ணப்பதாரி தெரியவில்லை. நிராகரிக்கப்படுகிறது."

"தலையில்லாமலா மகள் நான் தண்ணிக்குள்ள நிண்டன்?" என்று கேட்டார். "இப்ப தண்ணியும் வத்திட்டு. மூணாந்தரம் எங்க போய் நிக்கிற?"

பர்ஸானா இரண்டு படங்களையும் அருகருகே திறந்தாள். தலைகீழ் யோசனை அவளுடையது.

5

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு விண்ணப்பம் மூடும். இப்போது மூன்று ஐம்பது. பர்ஸானா முதல் படத்தின் தலையையும் இரண்டாம் படத்தின் தண்ணீரையும் ஒட்டி, கட்டத்துக்குள் அடங்கும்படி சிறிதாக்கி வைத்திருக்கிறாள். நெஞ்சில் ஒட்டிய இடம் தெரியவே இல்லை. தளத்தின் உள்வழியாக ஏற்றும் பட்டனை அமத்துவதுதான் மிச்சம்.

முடிவு ஒன்று: அமத்துகிறாள். விதைநெல் கிடைக்கிறது. பிறகு மோசடி என்று அவளைப் பிடிக்கிறார்கள்—

முடிவு இரண்டு: அமத்தவில்லை. வயல்—

முடிவு மூன்று: அதிகாரிகள் தவறை உணர்ந்து... (இதை எழுத என் கைக்கு வெட்கமாக இருக்கிறது.)

தண்ணீரில் நின்றவர் பொய் சொல்லவில்லை. படம் எடுத்தவனும் சொல்லவில்லை. பொய் சொன்னது பச்சை எழுத்து. அதை மட்டும் யாருமே நிராகரிக்கவில்லை. இந்தக் கதைக்கு அழகாக ஒரு முடிவு செய்து கொடுத்து, நானும் பச்சையில் எழுத மாட்டேன்.

மூன்று ஐம்பத்தெட்டு. சாமித்தம்பி போனில்தான் இருக்கிறார்.

"ரெண்டு படத்திலயும் நிக்கிறது நான்தானே மகள்?" என்கிறார்.

பர்ஸானாவின் விரல் பட்டன் மேல் இருக்கிறது. பதிலை நீங்கள் சொல்லுங்கள். அவருக்குக் கேட்கும்படி சொல்லுங்கள்.