நூற்று எண்பத்தெட்டாம் பத்தி

இங்கிலாந்தின் டார்பி நகர மாநாட்டு அரங்கின் மேடைக்குப் பின்னால் கிளைவ் ஆர்மராட் நான்காவது முறையாகக் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தார். முப்பத்திரண்டு புத்தகங்களில் பூதங்களை அவிழ்த்துவிட்டவர். கணினி விளையாட்டுக் கம்பெனி வைத்து, அரண்மனையில் பதக்கம் வாங்கியவர். வீட்டைச் சுற்றி அகழி வெட்ட அனுமதி கேட்டு நகராட்சியோடு ஆறு வருடம் மல்லுக்கட்டியவர். இப்போது டீக்கோப்பையைப் பிடிக்க அவருக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது.

“க்ளெனிஸ், எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடேன்.”

“நெத்தி ஐஸ் மாதிரி இருக்கு.”

“அப்போ ஜன்னின்னு சொல்லு.”

சொல்ல எனக்கும் ஆசைதான். அவர் மாட்டினால் நானும் சேர்ந்துதான் மாட்டுவேன்.

1983-இல் அவருடைய முதல் புத்தகமான ‘சாம்பல் கோட்டை’ என் சமையலறைத் தரையில்தான் உருவானது. வாசிப்பவரே வீரனாகும் புத்தகம். இடப்பக்கம் திரும்பினால் 57-ஆம் பத்திக்குப் போ, கதவை உடைத்தால் 212-க்குப் போ என்று கதை தாவித் தாவிச் செல்லும். கிளைவ் ஒவ்வொரு பத்தியையும் ஓர் அட்டையில் எழுதுவார். நான் சீட்டுக்கட்டுபோலக் குலுக்கி, எண் போட்டு, தட்டச்சு செய்வேன். கணக்கு 403-இல் வந்து நின்றது. மகத்தான புத்தகம் 400-இல்தான் முடிய வேண்டும் என்றார் அவர். அதில் என்ன மகத்துவம் என்று நான் கேட்டிருக்கலாம். அடுப்பில் சிப்ஸ் பொரிந்துகொண்டிருந்தது. மூன்று அட்டைகளைக் கிழித்துக் குப்பையில் போட்டார். மற்றதற்கெல்லாம் எண்களைச் சரிசெய்தேன்.

கிழித்த மூன்றில் ஒன்று மதுக்கடைக் காட்சி. அங்கிருக்கும் ஒற்றைக்கண் படகோட்டிதான் நம்மை 188-ஆம் பத்திக்கு அனுப்புவான். பித்தளைச் சாவி இருப்பது 188-இல். அந்தச் சாவி இல்லாமல் கடைசிக் கதவு திறக்காது. அதாவது, இந்தப் புத்தகத்தில் யாராலும் ஜெயிக்க முடியாது.

இது எனக்கு உறைத்தபோது புத்தகம் வெளிவந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. திருத்திவிடலாம் என்று ஓடினேன். கிளைவின் மேஜைமேல் முந்நூறு கடிதங்கள் கிடந்தன. ‘ஜெயித்துவிட்டேன்!’ என்றது ஒவ்வொன்றும். எப்படி ஜெயித்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐந்து விரலையும் ஐந்து பக்கத்தில் செருகிவைத்துக்கொண்டுதான் எல்லோரும் படிப்பார்கள். சாகிற இடம் வந்தால் பழைய பக்கத்துக்கு நழுவிவிடுவார்கள். சாவி கிடைக்கவில்லையா, கிடைத்ததாக நினைத்துக்கொள்வார்கள். கிளைவ் எல்லோருக்கும் வீரச் சான்றிதழ் அனுப்பினார். இதுவரை பதினோராயிரம் சான்றிதழ்கள், ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்து. இனிமேல் யாருக்காகத் திருத்துவது?

ஒரே ஒருத்தி மட்டும் ஜெயிக்கவில்லை.

ஈனிட் கிராப்ட்ரீ. பேருந்துக் கழகத்தில் கால அட்டவணை போட்டவள். ஒவ்வொரு ஜனவரியிலும் கடிதம் வரும்: ‘ஐயா, இந்த வருடமும் முப்பது முறை செத்தேன். சாவி கிடைக்கவில்லை. தவறு என்னுடையதுதான். எந்தத் திருப்பத்தைத் தவறவிடுகிறேன்?’ பதில் எழுதியது நான்: ‘உண்மையான வீரர் வழியைக் கண்டடைவார்.’ நாற்பது முறை எழுதினேன்.

நாற்பதாம் ஆண்டு விழாவுக்கு விளம்பரப் பிரிவுக்காரர்கள் பழைய கோப்பைப் புரட்டியிருக்கிறார்கள். ஈனிட்டின் கடிதங்களைப் பார்த்து உருகிப்போய், மேடையில் ஆர்மராட் தம் புத்தகத்தை நேர்மையாக விளையாடுவார், ஈனிட் அம்மையார் வாசிப்பார் என்று எங்களைக் கேட்காமலே அறிவித்துவிட்டார்கள். அரங்கில் அறுநூறு பேர். சான்றிதழ் உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி.

“ஒரே வழிதான்,” என்றேன். “சீக்கிரம் செத்துடு.”

கிளைவின் முகத்தில் உயிர் வந்தது. “ஆமால்ல! நல்லா செத்துடுறேன்.”

மேடையில் ஈனிட் கம்பளிச் சட்டையும் மடியில் பெரிய கைப்பையுமாக உட்கார்ந்திருந்தாள். எழுபத்தாறு வயது. கிளைவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“உக்காருங்க கண்ணு, பயப்படாதீங்க. எனக்கும்தான் படபடப்பா இருக்கு. இன்னைக்கு வழி தெரிஞ்சிடும்ல?”

கிளைவ் சிரித்தார். பல் டாக்டரிடம் வாயைத் திறப்பதுபோல இருந்தது அந்தச் சிரிப்பு.

முதல் அறையிலேயே ஒரு குட்டிச்சாத்தான். இரண்டு பகடையிலும் சேர்த்து ஒன்பதுக்குமேல் விழாவிட்டால் சாவு. கிளைவ் கண்ணை மூடிக்கொண்டு உருட்டினார். பன்னிரண்டு. அரங்கம் ஆர்ப்பரித்தது. பிணந்தின்னி வந்தது, பதினொன்று விழுந்தது. விஷக்கிணறு என்று தெரிந்தே குனிந்து குடித்தார். அதற்கும் பன்னிரண்டு, விஷம் ஏறவில்லை. வாழ்நாளில் சூதாட்டத்தில் ஒரு பைசா ஜெயிக்காத மனிதர். அன்றைக்குப் பார்த்துப் பகடைக்கு அவர்மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு வெற்றிக்கும் அவர் முகம் ஒரு பிடி வெளுத்தது. திரைக்குப் பின்னால் நின்ற நான், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மனிதன் சாக வேண்டும் என்று பிரார்த்தித்தேன்.

கடைசிக் கதவு வந்துவிட்டது. ஈனிட் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தாள்.

“முந்நூத்தி எழுபத்தொண்ணு. பித்தளைச் சாவி உன்னிடம் இருந்தால் 400-க்குப் போ. இல்லையென்றால் 13-க்குப் போ.” நிமிர்ந்தாள். “சாவி இருக்கா கண்ணு?”

“இருக்கு!” என்று அரங்கமே கத்தியது.

ஈனிட் குழம்பிப்போய்க் கூட்டத்தைப் பார்த்தாள். “இருக்கா? எங்கே எடுத்தாரு? வழியெல்லாம் நான்தானே வாசிச்சேன்.”

முன்வரிசையில் தகரக் கவசம் போட்ட தாடிக்காரர் ஒருவர் எழுந்தார். “நூத்தி எண்பத்தெட்டும்மா! எல்லாருக்கும் தெரியும்.”

“அப்படியா?” ஈனிட் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தாள். மேஜை நிறையப் பரந்தது. பேருந்துத் தடங்கள்போல நீலமும் சிவப்புமாகக் கோடுகள், நானூறு கட்டங்கள். “நாற்பது வருஷத்துல முந்நூத்தித் தொண்ணூத்தெட்டு நிறுத்தத்துக்குப் போயிட்டேன். 188-ம் 400-ம் மட்டும் காலி. போகாத இடத்தைப் படிக்கக்கூடாதுல்ல, அதனால படிக்கல. சொல்லுங்க தம்பி, 188-க்கு எந்த பஸ்ல போனீங்க?”

தாடிக்காரர் உட்கார்ந்தார். அவருடைய கவசம் கிரீச்சிட்டது.

“வேற யாராவது?”

அறுநூறு வீரர்கள் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். பூதங்களை வெட்டிச் சாய்த்தவர்கள், கம்பளிச் சட்டை போட்ட ஒரு கிழவியின் கண்ணைப் பார்க்கப் பயந்தார்கள். கிளைவின் கழுத்து வழியே வியர்வை இறங்கிச் சட்டைக்குள் போவதை நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன்.

ஈனிட் அவர் பக்கம் திரும்பினாள். குரல் தணிந்திருந்தது. “நீங்க எழுதினவரு. உங்களுக்குத் தெரியும். நான் எங்கே தப்பு பண்ணினேன்?”

இருக்கு என்று சொன்னால் போதும். 400-க்குப் போய்விடலாம். கைதட்ட அறுநூறு பேர் காத்திருந்தார்கள். கிளைவ் பகடைகளை மேஜைமேல் வைத்தார்.

“எந்த பஸ்ஸும் போகாதும்மா,” என்றார். “அந்த அட்டையை நான் கிழிச்சுப் போட்டுட்டேன். நீங்க ஒரு தப்பும் பண்ணல.”

பிறகு தாடிக்காரர் பக்கத்து ஆளிடம் சொன்னது கேட்டது.

“எனக்கு அப்பவே தெரியும்.”

“எனக்கும்தான்,” என்றார் பக்கத்து ஆள். ஒரு நிமிடத்துக்குள் அரங்கில் இருந்த எல்லோரும் அப்பவே தெரிந்தவர்களாகிவிட்டார்கள். சிலர் பெருந்தன்மையோடு கைதட்டவும் செய்தார்கள்.

ஈனிட் கைதட்டவில்லை. பேனாவை எடுத்து, இரண்டு காலிக் கட்டங்களிலும் மெதுவாகக் குறுக்குக்கோடு இழுத்தாள். தாளை மடித்தாள். அவள் கத்துவாள், அழுவாள், அந்தக் கைப்பையால் ஒன்று வைப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். வைத்திருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“இதை முடிச்சிட்டுத்தான் அடுத்ததைத் தொடணும்னு இருந்தேன்,” என்றாள். பைக்குள் கைவிட்டு இரண்டாம் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அட்டை கசங்காத புதுப் பிரதி. “இதுல வழி இருக்குதா கண்ணு?”

இன்னும் முப்பத்தொரு புத்தகங்கள். எல்லாவற்றிலும் சரியாக நானூறு பத்திகள்.

கிளைவ் திரைப் பக்கம் திரும்பி என்னைத் தேடினார். நான் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.