நான்காம் வரிசையில் விழுந்த விரிசல்

மாஹ்தாத் கண்ணாடிக்குப் பட்டை தீட்டுகிறவன். டைக்ரிஸ் ஆற்றங்கரையில், மன்னர் வாழும் நகரத்தில் அவன் பட்டறை. மனைவி அனோஷின் அண்ணன் குஷ்னாஸ்ப் உலையில் ஊதித் தரும் தடித்த கிண்ணங்களை ஈர மணல் பூசிய சக்கரத்தில் பிடித்து, தேன்கூடு போல வரிசை வரிசையாக வட்டக் குழிகள் போடுவான்.

அந்த வருஷம் நவ்ரோஸ் புத்தாண்டுத் திருநாளில் மன்னருக்குக் காணிக்கை வைக்க ஆளுநர் ஒரு கிண்ணம் கேட்டிருந்தார். நாள் நெருங்கிவிட்டது. நான்காவது வரிசையில் மாஹ்தாத் அவசரப்பட்டுக் கையை அழுத்தினான். குழியிலிருந்து விளிம்பு வரை விரிசல் ஓடியது.

ஆளுநரின் காரியஸ்தர் வந்து நின்றபோது அவன் வாயில் வந்தது இதுதான்:

"நான் என்னங்க பண்றது? உலையில சரியா ஆற விடல. கண்ணாடியே பழுது."

பக்கத்தில் நின்ற குஷ்னாஸ்ப் கிண்ணத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மாஹ்தாதின் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். அன்றைக்கே அவனை உலையை விட்டு அனுப்பினார்கள். வேறு எவரும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரு மாதம் வீட்டோடு கிடந்துவிட்டு, தெற்கே சதுப்பு நிலத்துக்கு நாணல் அறுக்கப் போய்விட்டான்.

"எங்க அண்ணன் கை தப்பாதே" என்று அனோஷ் சொல்லும்போதெல்லாம் மாஹ்தாத் வேறு பேச்சை எடுப்பான்.

ஆறு வருஷம் கழித்து, மனசு கேளாமல் படகேறிப் போனான். குஷ்னாஸ்ப் மீன் சுட்டுக்கொண்டிருந்தான்.

"வா மாப்ள. வழி கண்டுபிடிக்க ஆறு வருஷமாச்சா?"

சாப்பிட்டு முடிக்கும்வரை மாஹ்தாத் தலை நிமிரவில்லை.

"மச்சான், அந்தக் கிண்ணம்... நான்தான் அழுத்திட்டேன்."

"தெரியும். விரிசல் உன் குழியிலேர்ந்துதானே கெளம்பியிருந்துச்சு."

"அப்ப ஏன் அங்கேயே சொல்லல?"

"தங்கச்சி புருஷன நானே காட்டிக் குடுக்கறதா? இன்னைக்குச் சொல்லுவ, நாளைக்குச் சொல்லுவன்னு ஒரு மாசம் பாத்தேன்."

"திரும்பி வா மச்சான். நடந்தத நானே சொல்லிடறேன்."

குஷ்னாஸ்ப் சிரிக்கப் போய் இருமினான். இருமல் அடங்க வெகு நேரமாயிற்று.

"இந்த ஈரத்துல நெஞ்சு போயிடுச்சு மாப்ள. நாலு வார்த்தை பேசினா மூச்சு வாங்குது. எதை வச்சு ஊதறது?"

ஊர் திரும்பியதும் மாஹ்தாத் காரியஸ்தரிடம் போய் உள்ளதைச் சொன்னான். அவருக்கு எந்தக் கிண்ணம் என்றே நினைவில்லை.

அனோஷிடமும் சொன்னான். அவள் மறுநாள் காலை கம்பளிகளை மூட்டை கட்டிக்கொண்டு அண்ணனிடம் கிளம்பினாள். துணைக்கு வருகிறேன் என்று படித்துறை வரை ஓடியவனை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.