எட்டு இல்லாத எண்

எண் ரசிகர் மன்றத்தில் ஆட்கள் பதினாறு, பதவிகள் பதினேழு. தலைவரே காப்பாளரும் என்பதால் கணக்கு இடிக்கவில்லை.

ஒவ்வோர் உறுப்பினரும் ஒரு பெரிய எண்ணைத் தனக்கென எடுத்துக்கொண்டு, ஆண்டுக்கொரு முறை அதன் அருமை பெருமைகளைப் பேச வேண்டும். இது மன்றத்தின் சட்டம். புள்ளியியல் அலுவலகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்ற தலைவர், 'எண்ணரசர்' பட்டத்தைத் தாமே முன்மொழிந்து தாமே வழிமொழிந்தவர். அவருடைய எண் 12345679.

"ஒன்பதால பெருக்குங்க, ஒன்பது ஒண்ணு வரிசையா நிக்கும். அறுபத்துமூணால பெருக்குங்க, ஒன்பது ஏழு!" என்று பதினோரு ஆண்டுகளாக ஒரே இடத்தில் குரலை உயர்த்துவார். முன்வரிசையில் லேத் பட்டறை வைத்திருக்கும் அவருடைய தம்பி, கிரீஸ் படிந்த கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்து, "சரி" என்பார். அதற்குப் பிறகுதான் கைதட்டல்.

போன வருடம் தம்பி அதோடு நிற்கவில்லை. "அண்ணே, ஒண்ணுலேருந்து ஒன்பது வரைக்கும் எல்லாம் இருக்கு. எட்டு மட்டும் எங்க போச்சு?"

எண்ணரசருக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லும் பழக்கமும் கிடையாது.

"ஒன்பதாம் கிளாஸோட நின்னவனுக்கு இதெல்லாம் புரியாதுடா."

கூட்டம் சிரித்தது. தம்பி கால்குலேட்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். பிறகு அண்ணன் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

தலைவர் தினமும் போனை எடுப்பார், வைப்பார்.

"நீங்களே போய் ஒரு வார்த்தை சொன்னா கிரீடம் கீழ விழுந்துடுமா?" என்றாள் மனைவி.

"விடை தெரியாம எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது?"

கட்டம் போட்ட நோட்டில் உட்கார்ந்தார். ஒன்றை எண்பத்தொன்றால் வகுத்தால், புள்ளிக்கும் பூஜ்ஜியத்துக்கும் பின்னால் அவருடைய எண்ணே ஓயாமல் திரும்பி வந்தது. உண்மையில் அங்கே வரிசையாக வருபவை ஒன்று, இரண்டு என்று தொடங்கி, ஒன்பது தாண்டிப் பத்து, பதினொன்று. கட்டத்துக்கு ஓர் இலக்கம்தான் இடம். பத்தின் ஒன்று இடப்பக்கம் ஒன்பதின் மேல் ஏறுகிறது, ஒன்பது பத்தாகி, தன் ஒன்றை எட்டின் தலையில் ஏற்றுகிறது, எட்டு ஒன்பதாகிவிடுகிறது.

செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு பட்டறைக்கு ஓடினார்.

"எட்டு எங்கயும் போகலடா! பக்கத்துல இருந்தவன் சுமைய வாங்கிக்கிட்டு அங்கயேதான் நிக்குது!"

தம்பி லேத்தை நிறுத்தவில்லை. "தெரியும்ணே. அன்னிக்கே வீட்டுக்குப் போயி போட்டுப் பாத்துட்டேன்."

"அப்புறம் ஏண்டா சொல்லல?"

"எட்டு எங்கன்னு தெரியாமயா நான் ஒரு வருஷமா வராம இருக்கேன்?"

தலைவர் இரும்புத் துருவலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஞாயித்துக்கிழமை கூட்டம்."

"வேலை கெடக்குண்ணே."

ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் ஒரு நாற்காலி காலி. தலைவர் வணக்கமெல்லாம் சொல்லி நீட்டவில்லை.

"போன வருஷம் என் தம்பி ஒரு கேள்வி கேட்டான். எனக்குப் பதில் தெரியல. அத மறைக்கத்தான் அவன் படிப்ப இழுத்தேன்."

இதை நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றலாமா என்று தெரியாமல் செயலாளர் பேனாவை மூடினார், திறந்தார்.

தலைவர் எட்டின் கதையைச் சொல்லி முடித்து, அறுபத்துமூன்றால் பெருக்கினார். கரும்பலகையில் ஒன்பது ஏழுகள். திரும்பி நாற்காலியைப் பார்த்தார்.

"சரிங்க தலைவரே!" என்றார் செயலாளர்.

"உங்கள யாருங்க கேட்டா?"

யாரோ கைதட்டத் தொடங்க, கையமர்த்தினார். சாக்பீஸைப் பிடித்தபடி படிக்கட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இருங்க. இன்னும் சரிபாக்கல."