மேசைக்கும் அடுப்புக்கும் இடையே

1936-ஆம் வருடம் ஜனவரி மாதம், எங்கள் ஊர் வெர்பிட்சாவில் நிக்லாஸ் வெண்டலின் வீட்டு அடுக்களை நீள ஆரம்பித்தது. வெளியே நின்று பார்த்தால் வீடு பழைய வீடுதான். கூரையும் நகரவில்லை, வேலியும் நகரவில்லை. உள்ளே மட்டும், கதவோரம் இருந்த சாப்பாட்டு மேசைக்கும் மறுகோடியில் இருந்த அடுப்புக்கும் நடுவில் தரை வளர்ந்தது. முதல் நாள் சாயங்காலம் மனைவி பிரோஷ்கா நீட்டிய உப்பு ஜாடி அவன் கைக்கு எட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் வயலுக்கு மறுகோடியில் நிற்கும் ஆள் அளவுக்குத் தெரிந்தாள். அந்த வாரம் பன்றிக்கொழுப்பின் விலையும் கொஞ்சம் ஏறியிருந்தது.

காரணம் ஒரு கேள்வி. தலைநகரத்துப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படிக்கும் லிவியா ஸ்தான்சு என்ற பெண், பல பாஷை புழங்கும் ஊரில் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஆராய வந்திருந்தாள். நல்ல பெண். எந்த வீட்டில் எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். எங்கள் ஊரில் ஜெர்மன், ஹங்கேரியன், செர்பியன், ருமேனியன் என்று நான்கும் உண்டு. பிள்ளைகளை ஒன்பது பத்து வயதில் ஒரு கோடைக்கு வேற்றுப் பாஷைக்காரர் வீட்டில் விட்டுவிட்டு, அந்த வீட்டுப் பிள்ளையை இங்கே கூட்டி வருவது வழக்கம். மாற்றுப் பிள்ளை என்று பெயர். மாற்றுப் பிள்ளை விருந்தாளி ஆகாது. வந்த அன்றைக்கே அதற்கு வேலை உண்டு, திட்டு உண்டு. ஆனால் அது தப்பாகப் பேசினால் யாரும் சிரிக்கக் கூடாது. நிக்லாஸ் அப்படித்தான் பிரோஷ்காவின் வீட்டுக்கு வந்தான். வளர்ந்து அந்த வீட்டுக்கே மாப்பிள்ளையானான். ஆகவே தன் பாஷை எது என்று ஊரில் ஒருவரும் யோசித்ததில்லை. லிவியா வீடு வீடாகப் போய் அதைத்தான் கேட்டாள்: “நாலுல எது உங்க சொந்த பாஷை? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.”

தேடி வந்தவளைப் பதில் இல்லாமல் அனுப்புவது மரியாதை இல்லை என்று ஆளுக்கு ஒன்றைச் சொன்னார்கள். நிக்லாஸ் மேசையில் இருந்தபடி ஜெர்மன் என்றான். பிரோஷ்கா அடுப்படியில் இருந்தபடி ஹங்கேரியன் என்றாள். தரை வளர அது போதும். இன்னும் பல வீடுகளில் இப்படி ஆனது. சாராயக்கடையில் பீர் கொண்டு போய்ச் சேர்ப்பதற்குள் நுரை அடங்கிவிட்டது. மருத்துவச்சி தெசாங்கா மட்டும் பதில் சொல்லவில்லை. “எந்த வீட்டுல புள்ள பொறக்குதோ, அன்னிக்கு அந்த வீட்டு பாஷை. மத்த நாள்ல என் கோழிங்க பாஷை. போ தாயி, போய் ஏதாவது சாப்பிடு” என்று ஒரு முட்டையைக் கையில் கொடுத்து அனுப்பினாள். அவளுடைய அடுக்களை இருந்த அளவிலேயே இருந்தது.

பிரோஷ்காவுக்கு நிறைமாதம். அவள் கதவை நோக்கி நடந்தால் கதவு விலகியது. நிக்லாஸ் ரொட்டியும் விளக்குமாக எவ்வளவு நடந்தாலும் அடுப்பு அதே தூரத்தில் நின்றது. பின்பக்கத்து மண் சுவரை இடித்துப் பார்த்தார்கள். ஓட்டை வழியே அதே மேசைதான் தெரிந்தது. புதன்கிழமை முற்பகலில் அவளுக்கு வலி எடுத்தது. அவள் பக்கம் எரிக்க ஒன்றும் மிச்சம் இல்லை. வெளியே வாளித் தண்ணீர் கல்லாக உறைந்திருந்தது. அவள் வாய் திறப்பது முதலில் தெரியும். அலறல் வெகுநேரம் கழித்து வரும், மின்னலுக்குப் பிறகு இடி வருவது போல. மூன்று கோயில்களிலும் அவளுக்காக ஜெபம் நடந்தது. புகைபோக்கியில் புகை நூலாகி, நின்றுபோனது.

லிவியா தரையில் மண்டியிட்டு, கேட்ட கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக உரக்கச் சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை.

“கேட்டாச்சு, சொல்லியாச்சு. எழுந்திரு, அழுகையில அடுப்பு எரியுமா?” என்ற தெசாங்கா நிக்லாஸ் பக்கம் திரும்பினாள். “ஏன்டா, வீட்டுக்கு எசமான் மாதிரி பூட்ஸைத் தட்டிக்கிட்டு நடக்கறியே, இந்த வீட்டுக்கு மொதல்ல எப்படி வந்தே?”

“மூக்கை ஒழுக்கிக்கிட்டு.”

“வந்ததும் என்ன வேலை குடுத்தாங்க?”

நிக்லாஸ் பூட்ஸைக் கழற்றினான். கொட்டகைக்குப் போய், மணி உதிர்த்த மக்காச்சோளச் சக்கையைக் கூடை நிறைய அள்ளிக்கொண்டு வந்தான். மேசை அருகே நின்று, இப்போது செத்துப்போன மாமியாரிடம் சிறுவனாக வந்த அந்தக் கோடையில் கேட்டது போலவே, அரைகுறை ஹங்கேரியனில், கூச்சத்தோடு கேட்டான்: “அத்தே, இதை எங்க வைக்கணும்?”

அடுப்படியில் அசைவே இல்லை. தெசாங்கா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

“அடுப்புகிட்ட வைடா. கீழ சிந்தினே, காதைத் திருகிடுவேன்” என்றாள் பிரோஷ்கா. அவள் உதடு அசைந்ததும் குரல் வந்ததும் ஒரே நேரத்தில்.

வெறுங்காலோடு அவன் நடந்தான். அடுப்பு கிட்டே வந்தது. கடவுள் பெரிய காரியங்களைப் பெரும்பாலும் இப்படிக் கூடையில் வைத்துத்தான் அனுப்புகிறார் என்பது என் நம்பிக்கை. பின்னால் ஓடப் பார்த்த லிவியாவைத் தெசாங்கா தடுத்து, “விருந்தாளியா வந்தீன்னா விடிஞ்சாலும் போய்ச் சேர மாட்டே. இந்தா, தண்ணி தூக்கு” என்று வாளியைக் கொடுத்துவிட்டுத் தானும் அடுப்படிக்கு நடந்தாள். அந்த மதியம் முழுவதும் லிவியா ஹங்கேரியனில் ஒரு பக்கமும் செர்பியனில் ஒரு பக்கமும் திட்டு வாங்கினாள். அதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. மாலை மணி அடிப்பதற்கு முன்பே பெண் குழந்தை பிறந்தது, அழவும் அழுதது.

மற்ற வீட்டுக்காரர்களும் அடுத்தடுத்த நாட்களில் கூடை தூக்கினார்கள். சாராயக்கடைக்காரன் வெட்கப்பட்டு நோன்புக்காலம் வரை தள்ளிப்போட்டான். லிவியா ஈஸ்டர் வரைக்கும் மாற்றுப் பிள்ளையாக வெண்டல் வீட்டில் இருந்தாள். வாத்துகளை மேய்த்தாள், இரண்டு தொலைந்துபோயின. அவள் எழுதிய ஆராய்ச்சியில் அந்தக் கேள்வியே இல்லை என்கிறார்கள். நான் படித்ததில்லை.

அடுக்களை முழுவதுமாகச் சுருங்கவில்லை. ஒரு மாட்டுவண்டி நீளம் அப்படியே தங்கிவிட்டது. குழந்தை அந்தத் தரையில்தான் நடை பழகியது. அம்மாவிடமிருந்து அப்பாவிடம் போக அதற்கு மற்றப் பிள்ளைகளைவிட நேரம் அதிகமாகும். அதனால் நடுவில் ஒரு பெஞ்சு போட்டார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் அதில் சற்று உட்கார்ந்துவிட்டு, மீதித் தூரத்தை நடப்பார்கள்.