நுவரெலியாவில் இரண்டு மணித்தியாலம்

நிரூபாவின் அப்பா செல்வரத்தினத்துக்கு எழுபத்தொன்பது வயது. இரண்டு முழங்காலும் மடங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அம்மா குணபூசணிக்கு எழுபத்து நான்கு. அவருக்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கழிவறை வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து ஹட்டனுக்கு வந்து இறங்கிய இந்த இருவரையும் இரண்டு நாளில் நுவரெலியா நகரம் சுற்றிக் காட்டுவதென்று முடிவு செய்தவள் நிரூபா அல்ல. முடிவு செய்தவன் கனடாவில் இருக்கும் அவளுடைய தம்பி உமாசுதன்.

“அக்கா, அவசரப்படாமல், ஆறுதலாக் கூட்டிக்கொண்டு போங்கோ. அவையளுக்கு ஒரு மாற்றமா இருக்கட்டும்” என்று தொலைபேசியில் சொன்னான். சொல்லி வைத்த கையோடு ஒரு பட்டியலையும் அனுப்பினான். அதில் பதினான்கு இடங்கள் இருந்தன.

நிரூபாவுக்கு நாற்பத்தாறு வயது. ஹட்டனில் ஒரு பாடசாலையில் பதினொரு வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறாள். இப்போது பிரதி அதிபரும் அவள்தான். கலியாணம் பேசிய காலம் ஒன்று இருந்தது. அது பேச்சோடு போய்விட்டது, அவளும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பங்குனியில் இரண்டு ஆசிரியர்கள் இடமாற்றம் பெற்றுப் போனார்கள். அவர்களுடைய பாடவேளைகள் அவள் தலையில் விழுந்தன. ஓகஸ்ட் விடுமுறை வந்தபோது, ஒரு கிழமை கதவைப் பூட்டிக்கொண்டு படுக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருக்கவில்லை. அந்தக் கிழமையில்தான் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள்.

அவள் ஒரு கொப்பியை எடுத்து உட்கார்ந்தாள். பதினான்கு இடங்களில் ஏற்றமானவை, படி உள்ளவை, கழிவறை இல்லாதவை என்று ஒவ்வொன்றாக வெட்டினாள். ஐந்து மிஞ்சின. முதல் நாள் தபாற்கந்தோர், விக்டோரியா பூங்கா, ஏரியில் படகு. மத்தியானத்துக்குப் பிறகு விடுதியில் படுக்கை. மறுநாள் சீதையம்மன் கோயில், பிறகு ஹக்கல பூந்தோட்டம், அதுவும் வாசலுக்குக் கிட்டிய பகுதி மட்டும். ஒவ்வொன்றுக்கும் நேரம் போட்டாள். எந்த இடத்தில் இருக்கை உண்டு, எங்கே மாத்திரை கொடுப்பது என்பதையும் எழுதினாள். ஆறுதலான ஒரு பயணத்தைத் திட்டமிடுவதற்கே அவளுக்கு மூன்று நாள் பிடித்தது.

பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வான்காரர் பிரதாப் அந்தக் கொப்பியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“டீச்சர், இது சுத்தி பாக்க போற மாதிரி தெரியலைங்க. பரீட்சை டைம்டேபிள் மாதிரி இருக்கு. நீங்க ஒன்னும் யோசிக்காதீங்க, நா மெதுவா ஓட்டுறேன். எங்க நிப்பாட்டணுமோ சொல்லுங்க, நிப்பாட்டுறேன்.”

அன்று காலை நான்கு மணிக்கு எழும்பி இடியப்பமும் சம்பலும் செய்து கட்டி, சுடுநீர்ப் போத்தல் நிரப்பி, அப்பாவைப் படிகளில் பின்பக்கமாகப் பிடித்து இறக்கி, ஆறரைக்கு வானில் ஏற்றினாள். தலவாக்கலையில் ஒருமுறை நிறுத்தினார்கள், நானுஓயாவில் இன்னொருமுறை. ஒவ்வொரு முறையும் அம்மாவோடு இறங்கி, கழிவறை தேடி, வெளியே அம்மாவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழைத்தூறல் விடவேயில்லை.

தபாற்கந்தோரைத் தம்பிதான் பட்டியலின் முதலில் போட்டிருந்தான். அப்பா சாவகச்சேரியில் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் கட்டடத்தையும் அதன் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் பார்த்தால் மனிதர் பூரித்துப் போவார் என்பது அவனுடைய எண்ணம். அப்பா உள்ளே போனார். முத்திரை விற்கும் கருமபீடத்துக்கு முன்னால் நின்ற வரிசையையும் உள்ளே இருந்த இரண்டு கதிரைகளையும் பார்த்தார்.

“ஒரு ஆள்தான் இருக்கிறார். மற்றக் கதிரை சும்மா கிடக்கு” என்றார். “இஞ்சையும் அப்பிடித்தான்.”

பிறகு திரும்பி வெளியே வந்துவிட்டார். கொப்பியில் அதற்கு முப்பது நிமிடம் ஒதுக்கியிருந்தது. ஐந்து நிமிடத்தில் முடிந்தது. கட்டடத்தின் முன்னால் அப்பாவை நிறுத்தி ஒரு படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினாள். படத்தில் அப்பா, யாரோ திட்டியது போல நின்றார்.

பூங்காவில் கூட்டம் அதிகமில்லை. பிரதாப் வானை எங்காவது நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். வாசலிலிருந்து கொஞ்சம் உள்ளே, பெரிய மரமொன்றின் கீழ் ஈரமில்லாத நீள இருக்கை ஒன்று கிடைத்தது. அப்பா ஒரு பக்கம், அம்மா மறு பக்கம், நடுவில் நிரூபா. ரோசாப் பாத்திகள் எதிரே இருந்தன. அம்மா ஒரு நிறத்தைக் காட்டி, இது எங்கடை வீட்டிலை வராது, வெயிலுக்குக் கருகிப் போகும் என்றார். நிரூபா மணியைப் பார்த்தாள்; பத்து இருபது. பதினொன்றுக்குப் படகு. அதற்குமுன் அம்மாவைக் கழிவறைக்குக் கூட்டிப் போக வேண்டும், அப்பாவுக்குப் பிஸ்கட் கொடுக்க வேண்டும். கொப்பியைத் திறந்து அடுத்த வரியைப் பார்த்தாள். எழுத்துகள் கொஞ்சம் அசைவது போலிருந்தது.

அவள் கண் விழித்தபோது எல்லாம் கலங்கலாக இருந்தது. பச்சையும் சிவப்பும் ஒன்றாகக் குழைந்து கிடந்தன. கழுத்து ஒரு பக்கம் இழுத்துப் பிடித்திருந்தது. அவள் தலை அப்பாவின் தோளில் கிடந்தது. அப்பா நேராக, ஆடாமல் அசையாமல் இருந்தார். மடியில் அம்மாவின் கம்பளிச் சால்வை. முகத்தைத் தடவினாள், கண்ணாடியைக் காணவில்லை.

“அப்பா, எத்தினை மணி?”

“பன்னிரண்டே முக்கால்.”

“என்ன!” அவள் துள்ளி எழும்பினாள். “ரெண்டு மணித்தியாலத்துக்கு மேலையா? ஏன் எழுப்பேல்லை? மாத்திரை போட்டனீங்களா? அம்மா எங்கை?”

அப்பா மெல்ல வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்தார். அது விறைத்துப் போயிருந்தது.

“சாப்பாடு பாத்து வாறன் எண்டு போனவ.”

“ஆர்? அம்மா தனியவா? எப்ப?”

“முக்கால் மணித்தியாலம் இருக்கும். இடையிலை ரெண்டு தரம் ரொய்லெட்டுக்கும் போட்டு வந்தவ. சைகை காட்டிக் கேட்டவ. பயப்பிடாதை.”

அம்மாவுக்குச் சிங்களத்தில் ஒரு சொல் தெரியாது. அம்மாவின் தொலைபேசி நிரூபாவின் பையில் கிடந்தது. அப்பாவை எழுப்பிக் கூட்டிப் போகலாம் என்று பார்த்தால் அவருடைய கால்கள் மறுத்துவிட்டன. இரண்டு முறை முயன்று மீண்டும் உட்கார்ந்தார். அவரை அப்படியே இருக்கச் சொல்லிவிட்டு அவள் வாசலை நோக்கி நடந்தாள், பிறகு ஓடினாள். கண்ணாடி இல்லாமல் கிட்ட நின்றாலும் முகங்கள் தெளிவாகத் தெரியாது. சேலை கட்டிய உருவம் ஒவ்வொன்றும் அம்மாவாகத் தெரிந்தது. ஒரு பெண்ணின் கையைப் பிடித்தேவிட்டாள்; அந்தப் பெண் திடுக்கிட்டு ஏதோ சொன்னாள். நிரூபா சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வீதிக்கு வந்தாள். வாகனங்கள் புகையாகப் போயின. பிரதாப்புக்கு அழைத்தாள். கடைத் தெருப்பக்கம் பார்த்துக்கொண்டு வருவதாக அவர் சொன்னார்.

தம்பிக்கு என்ன சொல்வது என்றுதான் அந்த நேரத்தில் அவளுக்கு ஓடியது. அப்படி ஓடியதை நினைத்து அவளுக்கே அவமானமாக இருந்தது.

வீதியின் மறு பக்கத்திலிருந்து இரண்டு உருவங்கள் கைகோத்துக்கொண்டு வந்தன. ஒன்று கறுப்பு அபாயா. மற்றது குள்ளமாக, ஒரு பக்கம் சாய்ந்து நடந்தது. அந்தச் சாய்ந்த நடையை அவளுக்குக் கண்ணாடி இல்லாமலும் தெரியும்.

“அம்மா!”

அம்மா கிட்ட வந்ததும், பதற்றம் எல்லாம் கோபமாகத்தான் வெளியே வந்தது. “உங்களுக்கு என்ன விசரா? தெரியாத ஊரிலை ஆரைக் கேட்டுப் போனனீங்கள்? விழுந்து கிழுந்து போயிருந்தால்? நான் இஞ்ச ஒவ்வொரு நிமிசமும் எழுதி வச்சுக்கொண்டு சாகிறன், நீங்கள்…” வீதியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அபாயா அணிந்த பெண் ஒரு பையை நீட்டினாள். “கோவிக்காதீங்க. நான் ரபீக்கா, அந்தச் சந்தியிலதான் எங்கட சாப்பாட்டுக் கடை. ஒங்கட உம்மா வந்து, என்ட மகள் நித்திர, அவள எழுப்பாம சாப்பாடு எடுக்க வந்தேன்னு சொன்னாங்க. ஒறைப்பு கொறச்ச கறியா வேணுமாம், வாப்பாக்கு. அதனால புதுசா ஆக்கிக் குடுக்கக் கொஞ்சம் சுணங்கிட்டு. தனிய அனுப்ப மனசு வரல்ல.”

நிரூபாவுக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கண்ணாடி இல்லாதது ஒரு காரணம். நன்றி சொன்னாள். அதைச் சரியாகச் சொன்னாளா என்றுகூடத் தெரியவில்லை. அம்மா கைப்பையைத் திறந்து, கைலேஞ்சியில் சுற்றியிருந்த கண்ணாடியை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

“விழுந்து உடையும் எண்டு கழட்டினனான். வைக்க இடமில்லை, பையுக்கை வச்சிட்டு மறந்து போனன்” என்றார்.

பிரதாப்புக்கு அம்மா கிடைத்துவிட்டதைச் சொல்லிவிட்டு, இருவரும் அப்பாவிடம் திரும்பி வந்தார்கள். மரத்தின் கீழேயே சோற்றுப் பார்சல்களைப் பிரித்தார்கள். கோழிக் கறியும் பருப்பும் முட்டைக்கோவாவும். காலையில் கட்டிய இடியப்பம் பையிலேயே கிடந்தது. அப்பா விறைத்த கையைச் சரியாகத் தூக்க முடியாமல் கரண்டியால் சாப்பிட்டார்.

“நல்லாக் குறட்டை விட்டனி” என்றார். “ரெண்டு பேர் நிண்டு பாத்திட்டுப் போனவை.”

நிரூபா சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

“நிரூ,” அம்மா சோற்றைப் பார்த்தபடியே கேட்டார், “நீ நித்திரை கொண்டு எத்தினை நாள்?”

“ஒவ்வொரு நாளும் கொள்ளுறன்தானே.”

“உன்ரை அலுமாரிக்கை மாத்திரை இருக்கு. நான் துவாய் எடுக்கேக்கை கண்டனான். அதைப் பற்றித்தான் கேக்கிறன்.”

பங்குனியிலிருந்து என்றாள். படுத்தால் அடுத்த நாள் யாருக்கு எந்த வகுப்பு என்பது ஓடிக்கொண்டேயிருக்கும் என்றாள். டொக்டர் கொடுத்த மாத்திரையும் இப்போது வேலை செய்யவில்லை என்றாள். அழுகை எதுவும் வரவில்லை. ஒரு நோயாளியின் அறிக்கையை வாசிப்பது போலச் சொன்னாள். அப்பாவும் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஐயோ என்றோ, நீ ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்றோ அவர்கள் கேட்காதது அவளுக்குப் பெரிய உதவியாக இருந்தது.

அப்போது தொலைபேசி அடித்தது. தம்பி. படகில் போகும் காட்சியைக் காட்டச் சொல்லி வீடியோவில் அழைத்தான். நிரூபா எடுக்கத் தயங்கினாள். அப்பா கையை நீட்டி வாங்கி, திரையைக் காதில் வைத்துக்கொண்டார். உமாசுதனுக்குத் தெரிந்தது அப்பாவின் காது மட்டும்தான்.

“எல்லாம் பாத்து முடிஞ்சுது தம்பி” என்றார் அப்பா, உரத்த குரலில். “நல்ல ஊர். நீ இப்ப போய்ப் படு, அங்கை விடிய இன்னும் கிடக்கு. நாங்கள் பிறகு எடுக்கிறம்.”

தபாற்கந்தோரில் முப்பத்தாறு வருடம் வேலை செய்தும் ஒருவரிடமும் பொய் சொன்னதில்லை என்று பெருமை பேசும் மனிதர். சோற்றைத் தொடர்ந்து சாப்பிட்டார்.

படகுக்குப் போகவில்லை. இரண்டு மணிக்கே விடுதிக்குப் போய்விட்டார்கள். அம்மா திரைச்சீலையை இழுத்து மூடினார். அன்று நிரூபா நன்றாகத் தூங்கினாள் என்று சொல்வதற்கில்லை. விழித்து விழித்துத்தான் படுத்தாள். ஆனாலும் ஒவ்வொரு முறை விழித்தபோதும் அறையில் யாரோ இருந்தார்கள், அப்பா பேப்பர் வாசித்தார், அம்மா உடுப்பு மடித்தார், அவர்கள் அவளை ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை சீதையம்மன் கோயிலையும் பூந்தோட்டத்தையும் அம்மாவே வேண்டாமென்று சொல்லிவிட்டார். பதினொரு மணிவரை படுத்துக் கிடந்துவிட்டு, குளித்து, பிரதாப்பின் வானில் ஏறினார்கள்.

நானுஓயா தாண்டியதும் அப்பா தொண்டையைச் செருமினார்.

“நாங்கள் வாற சனிக்கிழமை போகேல்லை. ராத்திரி நானும் அம்மாவும் கதைச்சனாங்கள். அடுத்த பள்ளிக்கூடத் தவணை முடியும்வரைக்கும் இஞ்ச நிப்பம்.”

“சமையலை நான் பாப்பன்” என்றார் அம்மா.

நிரூபா வெளியே பார்த்தாள். மார்கழிவரை என்றால் நான்கு மாதம். வீட்டுக்கு ஏறப் பத்தொன்பது படி. கழிவறை பின்பக்கம், வழியில் பாசி. ஐப்பசி மழையில் அப்பாவின் நெஞ்சுச் சளி. அம்மாவுக்குக் காய்கறிக் கடைக்காரரோடு கதைக்கப் பாஷை பிரச்சினையில்லை, ஆனால் ஏற்றம் ஏற முடியாது. எல்லாம் அவள் மனதில் வரிசையாக வந்து நின்றன. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சொல்வதற்கு வேண்டிய தெம்பு அவளிடம் இல்லை. அதைவிட, பின்னிருக்கையில் அம்மாவின் கை அவளுடைய முழங்காலின்மேல் கிடந்தது. அதை எடுக்கச் சொல்லவும் மனம் வரவில்லை.

“குளிர் கூட அப்பா, சொல்லிப்போட்டன்” என்றாள் கடைசியில். “பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.”

“நான் எப்ப குறை சொன்னனான்?” என்றார் அப்பா.

வான் இறக்கத்தில் மெதுவாக வளைந்து இறங்கியது. இரு பக்கமும் தேயிலை, மழையில் கழுவப்பட்டுக் கிடந்தது. நிரூபா முன்னால் சாய்ந்தாள்.

“பிரதாப், தலவாக்கலையில ஒரு உடுப்புக் கடையில நிப்பாட்டுங்க. அப்பாவுக்குத் தடிச்ச காலுறை ரெண்டு சோடி வேணும்.”

“சரிங்க டீச்சர். ஐயா கால் அளவு என்னாங்க?”

அவளுக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டாள்.