தீவின் ஏழு ஈர்ப்புகள், ஒன்று குறைய

1

“நாங்க எல்லாரும் லீவுக்கு இங்க வர்றோம். நீங்க லீவுக்கு எங்க போவீங்க, அத்தை?”

கேட்டவள் கொஹாரு. ஜப்பானின் வடகோடி ஹொக்கைடோவிலிருந்து பெற்றோருடன், தென்கோடியில் இருக்கும் எங்கள் தீவுக்கு வந்திருந்த சிறுமி. கேட்கப்பட்டவர் நோபுயோ. என் வாடகை சைக்கிள் கடைக்கு எதிரே தங்கும் விடுதி நடத்துகிறவர். கணவர் இறந்த பிறகு தனியாள். மீன் வறுத்துக்கொண்டிருந்த நோபுயோ சிரித்தார். பதில் சொல்ல வாயெடுத்தார். மீன் கருகிவிட்டது.

அவர் மீனைக் கருகவிட்டு நான் பார்த்ததில்லை. இந்தக் கதை அந்தக் கருகல் வாசனையில் பிறந்தது.

2

உண்மையில் என்னிடம் யாரும் கதை கேட்கவில்லை. ஊர்ச் சுற்றுலாக் குழு கேட்டது ஒரு துண்டுப்பிரசுரம்: ‘தீவின் ஏழு ஈர்ப்புகள்’. எங்கள் தெருவில் எழுதத் தெரிந்தவன் நான் என்று ஒரு வதந்தி. உட்கார்ந்தேன்.

பளிங்கு போன்ற கடலும், இளங்காற்றில் தலையசைக்கும்

[நிறுத்திவிட்டேன். நான் புகழ்ந்து கடல் இன்னும் நீலமாகப் போவதில்லை.]

நட்சத்திர வடிவ மணலைப் பொறுக்க விரும்பும் அன்பர்கள்

[பொறுக்கக் கூடாது. உள்ளங்கையை மணலில் அழுத்தி, ஒட்டியதைப் பார்த்துவிட்டு அங்கேயே உதறிவிட வேண்டும். கையோடு எடுத்துப் போகக்கூடிய ஈர்ப்பு எதுவும் இங்கே இல்லை என்று எழுதினால் குழு கோபித்துக்கொள்ளும்.]

ஆக, இரண்டு ஈர்ப்புகள் போயின.

3

எருமை வண்டியைப் பற்றி எழுதாமல் முடியாது. வண்டிக்காரர் மிட்சுரு, நோபுயோவின் பக்கத்து வீட்டுக்காரர். மூன்று நரம்பு சான்ஷினை மீட்டி, பழைய பாட்டுப் பாடி, பயணிகளைத் தெருத் தெருவாக அழைத்துப் போவார். நோபுயோவின் வாசல் வந்ததும் வண்டியை நிறுத்தி, உருக்கமான பாட்டு ஒன்றைத் தொடங்குவார். அவர் தொடங்கும்போதே எருமை சாணி போட்டுவிடும். தினமும். நோபுயோ அப்போதுதான் கூட்டி முடித்த வாசலில்.

“எல்லா வாசலையும் விட்டுட்டு இங்கதான் அதுக்கு வருது. நான் என்ன செய்ய?” என்பார் மிட்சுரு.

“பழக்கிவிட்டதே நீங்கதானே, அண்ணே. இங்க நிறுத்தித்தானே அந்தப் பாட்டைப் பாடுறீங்க?”

“பாட்டு எப்படி இருக்கு, அதச் சொல்லு.”

“அதான் எருமை சொல்லிருச்சே.”

பயணிகள் கைதட்டுவார்கள். இதுவும் காட்சியில் சேர்ந்தது என்று அவர்களுக்கு நினைப்பு.

(பெயர்களை மாற்றிவிட்டேன். எருமையின் பெயர் ரின், அதை மாற்றவில்லை. அது படிக்காது.)

4

நான்காவது ஈர்ப்பு தெரு. வெள்ளைப் பவள மணல். விடிந்தும் விடியாமலும் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வாசல் தெருவைக் கூட்டிவிடுவோம், முதல் படகு வருவதற்குள். பாம்பு வந்தால் தடம் தெரியும். சாமி வந்தாலும் தடம் தெரியும் என்பது என் நம்பிக்கை. துடைப்பத்தின் கோடுகள் மணலில் வரிவரியாக நிற்கும். வலக்கைக்காரர்களின் கோடுகள் ஒரு பக்கம் சாயும். நோபுயோ மட்டும் இடக்கைக்காரர். தெருவிலேயே அவர் வாசல் கோடுகள் மட்டும் எதிர்ப்பக்கம் சாயும்.

[இந்தப் பத்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திறமையான எழுத்தாளர் இதை மறைத்து வைப்பார். எனக்கு அது வராது.]

அந்தக் குளிர்காலத்தில் கொஹாருவின் அம்மா போன் செய்து நோபுயோவைப் பனி பார்க்கக் கூப்பிட்டார். நோபுயோ பக்கத்துப் பெரிய தீவான இஷிகாகிக்குப் படகேறிப் போய், கடை கடையாக அலைந்து, ஒரு தடித்த கம்பளிக் கோட்டு வாங்கி வந்தார். முற்றத்தில் போட்டுப் பார்த்து வியர்த்து வழிந்தார். தீவைத் தாண்டிப் பொழுதுபோக்குக்காக அவர் எங்கும் போனதே இல்லை. ஆனால் இரண்டாம் நாளே கோட்டை மடித்து எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

“இதத் திருப்பிக் குடுத்தா எடுத்துக்குவாங்களா?”

காரணம் எனக்குத் தெரியும். அவர் போய்விட்டால் வாசலை யார் கூட்டுவது? கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். அதனாலேயே கேட்கக் கூடாது என்பது எங்கள் ஊர்ப் பழக்கம். நானே கூட்டுகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ‘வேண்டாம்’ என்று அவர் கண்ணே சொல்லிவிட்டது.

எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த மிட்சுருவுக்கு இது கேட்டுவிட்டது.

“நாலு நாள் கூட்டலைன்னா மணல் எந்திரிச்சு ஓடிருமா? போய்ட்டு வா.”

“மணல் ஓடாது. முதல் படகு வந்துரும்.”

“வர்றவன் கடலப் பாக்க வர்றான். உன் வாசலையா பாக்க வர்றான்?”

“சாமி வாசலத்தானே பாக்கும், அண்ணே.”

“அப்ப சாமியே பாத்துக்கட்டும்” என்று முணுமுணுத்துவிட்டு மிட்சுரு வண்டியை ஓட்டிப் போனார்.

அன்று சாயங்காலம் கொஹாருவே போனில் பேசினாளாம். வீட்டு முன்னால் பனி விழுந்து கிடக்கிறது. அத்தை வந்து முதல் அடி வைக்கட்டும் என்று அதில் ஒரு பகுதியை யாரும் மிதிக்காமல் தினமும் காவல் காக்கிறாளாம். அப்பாவைக்கூடச் சுற்றித்தான் போகச் சொல்கிறாளாம்.

யாரும் மிதிக்காத வாசல் எப்படிப்பட்டது என்று நோபுயோவுக்குத் தெரியும். அவர் கோட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. புறப்பட்ட அன்று வாசலைத் திரும்பத் திரும்பக் கூட்டினார். முன்கூட்டியே கூட்டிவைக்க முடியாதது தெரு. அது தெரிந்தும் கூட்டினார்.

5

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். மிட்சுருவை நான் சரியாக எழுதவில்லை. இதுவரை அவர் வெறும் வாய்ச்சண்டைக்காரர். அது பாதி மனிதர்தான்.

மீதிப் பாதி இது. அதற்கு முந்தைய ஆண்டு அவர் மனைவி யசுகோ இஷிகாகி மருத்துவமனையில் கிடந்தார் (இப்போது நலம்; வண்டிக்குச் சீட்டுக் கொடுப்பவர் அவர்தான்). மிட்சுரு அங்கேயே தங்கிவிட்டார். ஊர் திரும்பிய காலையில் பார்த்தால், பூட்டிய வீட்டின் வாசல் பளிச்சென்று கூட்டியபடி இருந்தது. மறுநாள் என்னிடம் ஒரு கூடை பாகற்காயை நீட்டினார். எதற்கென்று தெரியாமலே வாங்கிக்கொண்டேன். எங்கள் தீவில் பாகற்காயை யாரும் வேண்டாம் என்பதில்லை. இரண்டு நாள் கழித்து வந்து நின்றார்.

“நீ வலக்கைக்காரனா?”

“ஆமா.”

“பாகற்காயத் தின்னுட்டியா?”

“தின்னாச்சே.”

“சரி, போ.”

அவர் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது: அவர் வாசலைக் கூட்டியது நான் என்று நினைத்துத் தந்த பாகற்காய் அது. அவர் இல்லாத நாட்களில் அந்த வாசல் கோடுகள் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தன என்பதை எதிரே இருந்தும் நான் கவனிக்கவில்லை. ஊர் திரும்பிய காலையில் பார்த்த கோடுகளை அவர் பிறகு யோசித்திருக்கிறார்.

நோபுயோவிடம் அவர் நன்றி சொல்லவில்லை. யாரும் எழுந்திருக்கும் முன்பே ஒருவர் மறைத்துச் செய்ததை, பெற்றுக்கொண்டவர் தெருவில் போட்டுப் பேசலாமா? ஆனால் பேசாமல் வைத்திருப்பது கனக்கும். மிட்சுருவுக்கு அது குரலில் கனத்தது. அந்த நாளிலிருந்துதான் அவர் நோபுயோவின் வாசலில் நிறுத்தி, தனக்குத் தெரிந்ததிலேயே நல்ல பாட்டைப் பாடத் தொடங்கினார். எருமைக்கு இது எதுவும் தெரியாது.

6

முடிவுகள்.

(அ) நோபுயோ திரும்பி வருகிறார். வாசல் குப்பையாகக் கிடக்கிறது. அழுகிறார். [அடித்துவிட்டேன். எனக்கு அவ்வளவு கடுமை கிடையாது.]

(ஆ) தெருவே திரண்டு கூட்டுகிறது, மிட்சுரு பாட, எல்லோரும்

[துண்டுப்பிரசுரத்துக்கு ஏற்ற முடிவு. அதனாலேயே வேண்டாம்.]

(இ) இது நடந்தது. நோபுயோ போன மறுநாள், தெருக்கோடியில் இருக்கும் சாமியின் சோலைக்கு நான் வழக்கம்போல் விடியுமுன் போனேன். கைகூப்பி நிற்கும்போது பின்னால் துடைப்பச் சத்தம். எந்த வாசலிலிருந்து என்று தெரிந்தது. பழகிய கையின் சத்தம் சீராக இருக்கும். இது இழுத்தது, நின்றது, தடுமாறியது, யாரையோ மெல்லத் திட்டிக்கொண்டது, மறுபடி இழுத்தது. பழக்கமில்லாத கையால் கூட்டினால்தான் அப்படி வரும்.

திரும்பிப் பார்க்கலாம். எழுதுகிறவன் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் யாருக்கும் தெரியாமல் செய்ததை யாருக்கும் தெரியாமல்தான் திருப்பித் தர முடியும். நான் பார்த்த கணத்தில் அது காட்சியாகிவிடும். நான் சோலையைத் தாண்டித் தெரிந்த கடலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று கடல் மிகவும் நன்றாக இருந்தது. முதல் ஈர்ப்பாக அதை எழுதியிருக்கலாம்.

கடை திறக்க வந்தபோது நோபுயோவின் வாசலில் வரிகள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. கொஞ்சம் கோணல். முதல் படகில் வந்தவர்கள் ‘அழகு’ என்று சொல்லி நடந்து போனார்கள். நோபுயோ வரும்வரை ஒவ்வொரு காலையும் கோணல் குறைந்துகொண்டே வந்தது.

அவர் வந்தார். வாசலில் நின்றார். பார்த்தார்.

[கண்டுபிடித்தாரா? இதை நான் எழுத மாட்டேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அன்று வண்டி வந்து நின்று, பாட்டு தொடங்கி, ரின் தன் வேலையை முடித்தபோது, அவர் எதுவும் சொல்லாமல் முழுப் பாட்டையும் கேட்டார் என்பதை மட்டும் தருகிறேன்.]

7

ஏழாவது ஈர்ப்பு துண்டுப்பிரசுரத்தில் இல்லை. குழு அந்த இடத்தில் வரைபடம் போட்டுவிட்டது.

விடுமுறைக்கு இங்கே வந்து தங்குகிறவர்களே, ஒரே ஒரு வேண்டுகோள். அதிகாலையில் வெளியே துடைப்பச் சத்தம் கேட்டு, அது கொஞ்சம் தடுமாறினால், ஜன்னலைத் திறக்காதீர்கள். தயவுசெய்து கடல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள்.